அன்னதானச் சமையலுக்கு எந்த முகக்கவசம்?

கேள்வி: காவடித் திருநாளில் ஏழு கறிச் சாப்பாடு சமைக்கும் எங்கள் கோவில் தொண்டர்கள் ஒருமுறை அணிந்து எறியும் முகக்கவசங்களையே பயன்படுத்துகிறார்கள். மறுநாள் கரும்புத் தோட்டத்து ஓரமெல்லாம் அவை கிடக்கின்றன. கடையில் ‘மக்கும்’ என்று அச்சிட்ட பெட்டி ஒன்றைக் கண்டேன், விலை இருமடங்கு. வாங்கலாமா?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் தேவைக்குப் பருத்தித் துணியே போதும்.

கடிதம் கிடைத்ததும் ஒரு முகக்கவசத்தின் ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்துப் பார்த்தேன். துணிபோலத் தெரிந்தாலும் அதில் நெசவே இல்லை. மூன்று அடுக்கும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். வெளிப்புற நீல அடுக்கில் விட்ட நீர்த்துளி முத்தாக உருண்டது. உயிர்நாடி நடுவிலுள்ள வெள்ளை அடுக்குதான்: உருக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான காற்றால் ஊதித் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக்கி, அவற்றுக்கு மின்னேற்றமும் கொடுத்திருப்பதால், இழைகளின் இடைவெளியில் நுழைந்து போகக்கூடிய நுண்துகள்களையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஈரத்தை உறிஞ்சும் பருத்தியில் அந்த மின்னேற்றம் நிற்காது. மாற்றுத் தேடுகிறவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை இதுதான்.

தென்கொரிய ஆய்வாளர்கள் 2021-இல், மக்கும் பிளாஸ்டிக் இழைகளின்மேல் நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பூசி ஒரு வடிகட்டியை உருவாக்கினார்கள். அது உரமண்ணில் நான்கு வாரத்தில் சிதைந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-இல் அறிவித்த முயற்சி. கரும்புச் சக்கை போன்ற பயிர்க்கழிவின் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளை நுண்ணிழையாக்கி, 100 நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும்) சிறிய துகள்களைத் தடுக்கும் பொருளை அங்கே உருவாக்கினார்கள். அதே ஆண்டு நம் தீவின் கரையருகே தரைதட்டிய வாகாஷியோ கப்பலின் எண்ணெய் கசிந்தபோது கரும்புச் சோகையைக் கோணியில் திணித்துக் கடலில் மிதக்கவிட்டவர்கள் நாம். சக்கையில் முகக்கவசமா என்று நாம் வியக்கத் தேவையில்லை.

நீங்கள் பார்த்த பெட்டியின் பக்கவாட்டில் பி.எல்.ஏ. என்று இருக்கிறதா, பாருங்கள். சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யும் அந்தப் பிளாஸ்டிக், ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் நீடிக்கும் தொழிற்சாலை உரக்கிடங்கில் மக்கும். தோட்டத்து ஓரத்திலோ கடலிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் குப்பையோ மேர் ஷிக்கோஸ் குப்பைக்கிடங்கில் புதைபடுகிறது. அங்கே ‘மக்கும்’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

சமையற்கட்டில் நாம் தடுக்க வேண்டியது எச்சில் தெறிப்பதை. அதற்கு நெருக்கமாக நெய்த பருத்தியை மூன்று மடிப்பாகத் தைத்தால் போதும். வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது இழைகளுக்கிடையே வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அந்தத் துணி ஆகாது. ஆகவே நைந்த பழைய வேட்டியைக் கிழிக்க வேண்டாம். சோப்பும் 60 டிகிரி வெந்நீரும் கொண்டு துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நோயாளியைப் பராமரிக்கும் வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே மருத்துவமனை முகக்கவசமே வேண்டும்.

ஆளுக்கு இரண்டாகத் தைக்கச் சொல்லுங்கள். அடுப்படி வெக்கையில் முதல் பந்தி எழுவதற்குள் ஒன்று நனைந்துவிடும்.