குஞ்சைத் தின்னும் பூச்சிக்கு வயல் மருந்தா?

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் ஐந்து சென்ட் குளத்தில் ரோகு, கட்லா மீன் நுண்குஞ்சுகள் விட்டேன். பத்து நாளில் பாதியைக் காணவில்லை. விரல் நீளப் பழுப்புப் பூச்சி ஒன்று குஞ்சைக் கவ்வியிருந்தது. குஞ்சு விற்ற தரகர் வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து ஒன்றைத் தருகிறார். தெளிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. பூச்சி சாகும், மீனும் சாகும். அப்புறம் அதே தரகரிடம்தான் மறுபடி குஞ்சு வாங்குவீர்கள்.

நீங்கள் பார்த்தது ராட்சத நீர்ப்பூச்சி. முன்னங்கால்களால் பிடித்து, அலகைக் குத்தி, சதையைக் கரைக்கும் உமிழ்நீரைச் செலுத்தி உறிஞ்சிவிடும். தவளையையே பிடிக்கும். இரவில் விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வரும். கரையில் விளக்கு எரிய விடாதீர்கள். மல்லாந்து நீந்தும் சிறு பூச்சிகளும் கூட்டமாகக் குஞ்சைத் தின்னும்.

இப்போது செய்யக்கூடியது, கரையோரப் பாசியை அகற்றி, கொசுவலை போன்ற நெருக்கமான வலையால் அரித்தெடுப்பது. அடுத்த முறை, குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள், உங்கள் குளத்துக்கு ஒன்றேகால் லிட்டர் மலிவான தாவர எண்ணெயை 350 கிராம் துணி சோப்புக் கரைசலில் அடித்துக் கலந்து தெளியுங்கள். இந்தப் பூச்சிகள் மேலே வந்துதான் மூச்சு வாங்கும்; எண்ணெய்ப் படலம் மூச்சை அடைத்துவிடும். காற்றில்லாத நேரம் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்று படலத்தை ஒரே கரையில் ஒதுக்கிவிடும்.

ஆனால் தட்டான் புழுவுக்கு இது பலிக்காது. தட்டான் பறப்பதைத்தான் பார்க்கிறோம். அதன் பிள்ளைப் பருவம் முழுக்கத் தண்ணீரில். அது மேலே வருவதில்லை. பின்புறத்துக்குள் இருக்கும் செவுளால் தண்ணீரிலேயே மூச்சு விடும். எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் அடிச் சேற்றில் சுகமாக இருந்து, மடிந்திருக்கும் கீழுதட்டை நீட்டிக் குஞ்சைப் பிடிக்கும். தண்ணீரை வற்றவைத்து, சேறு வெடிக்கும்வரை காயப் போடுவதே நல்ல வழி.

குளம் வெட்ட மானியம் உண்டு. இந்தப் பூச்சி விஷயத்தைக் கரைக்கு வந்து சொல்லத்தான் ஆள் இல்லை. தண்ணீர் நிரப்பி ஒரு மாதம் கழித்துக் குஞ்சு வந்தால், அதற்குள் பூச்சி குடியேறாமல் என்ன செய்யும்?

கடைசியாக, காணாமல் போனதெல்லாம் பூச்சி தின்றதுதானா? பையில் ஐயாயிரம் என்று சொல்லி மூவாயிரம் தருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கண்முன்னே ஒரு கிண்ணக் குஞ்சை எண்ணச் சொல்லுங்கள். மீதியைக் கிண்ணக் கணக்கில் அளக்கட்டும். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.