மீன்தொட்டி கேள்வி-பதில்: பம்பை மாத்துறதுக்கு முன்னாடி பைப்பை பாருங்க

கேள்வி: சார், வீட்டுல 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துல தொட்டி வச்சிருக்கேன். ஸ்டாண்டுக்குள்ள சம்ப். ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 3000 லிட்டர், ஹெட் 3 மீட்டர்னு டப்பாவுல போட்டிருந்துச்சு. ஆனா மேல தண்ணி சன்னமா தான் வருது, 10 லிட்டர் பக்கெட் நிறைய 40 செகண்ட் ஆகுது. கடையில கேட்டா 5000 லிட்டர் பம்ப் வாங்கிக்கோங்கன்றாங்க. அரை இன்ச் பைப், அஞ்சு எல்போ, நடுவுல கொஞ்ச தூரம் ஹோஸ் இருக்கு. புது பம்ப் வாங்கலாமா? - வாசகர், சேலம்

பதில்: வாங்காதீங்க. பக்கெட் வச்சு அளந்து பார்த்துட்டு எழுதினீங்க பாருங்க, அதுக்கே உங்களை பாராட்டணும், நிறைய பேரு "ஃப்ளோ கம்மியா இருக்கு"ன்னு மட்டும் எழுதுறாங்க, எவ்ளோ கம்மின்னு தெரியாம நான் என்ன பதில் சொல்றது. 10 லிட்டருக்கு 40 செகண்ட்னா மணிக்கு 900 லிட்டர். (புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, இங்க சம்ப்னு சொல்றது வீட்டு வாசல்ல தரைக்கு அடியில இருக்கிற தண்ணித்தொட்டி இல்ல, மீன்தொட்டிக்கு கீழ ஃபில்டருக்காக வைக்கிற ரெண்டாவது தொட்டி. மேல இருந்து தண்ணி தானா வழிஞ்சு அதுக்குள்ள இறங்கும், பம்ப் அதை திரும்ப மேல தள்ளும், அந்த தள்ளுற பைப் தான் ரிட்டர்ன்.)

டப்பாவுல இருக்கிற 3000ங்கிறது ஒரு இன்ச் கூட மேல ஏத்தாம தள்ளும்போது வர்ற அளவு. 3 மீட்டர்ங்கிறது அந்த உயரத்துக்கு போனா தண்ணி நின்னுடும்னு அர்த்தம், அதாவது 3 மீட்டர்ல வரத்து பூஜ்யம். ரெண்டையும் ஒண்ணா படிச்சுட்டு "3 மீட்டர் உயரத்துக்கு 3000 லிட்டர் ஏத்தும்"னு நெனச்சுக்கிறோம், அங்க தான் ஏமாந்து போறோம். சரி, உங்க கேஸ்ல உயரம் எவ்ளோ? பம்ப் சம்ப் அடியில உக்காந்திருக்குன்னு அங்கிருந்து அளக்க வேணாம், சம்ப்ல தண்ணி நிக்கிற மட்டத்துல இருந்து மேல தொட்டியில தண்ணி நிக்கிற மட்டம் வரைக்கும் டேப்பு பிடிங்க. ரெண்டரை அடி ஸ்டாண்டு, 2 அடி தொட்டின்னு வச்சா சுமார் மூணரை அடி வரும், ஒரு மீட்டர்னு வச்சுக்கலாம். அந்த ஒரு மீட்டருக்கு கழிச்சா கூட இந்த பம்ப் 2000 லிட்டர் பக்கம் தரணும். வர்றது 900. மீதி 1100 லிட்டரை தின்னது உயரம் இல்ல சார், உங்க பைப்பு.

எப்படின்னு சொல்றேன். தண்ணி பைப்புக்குள்ள போகும்போது சுவரோட உரசிக்கிட்டே தான் போகும், அந்த உரசலையும் பம்ப் தான் தாங்கணும், அதுவும் அதுக்கு ஒரு உயரம் மாதிரி தான். அதே அளவு தண்ணி போறப்ப பைப்போட உள்விட்டத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா உரசல் பாதியா குறையும்னு நெனப்போம், இல்ல, ஏறக்குறைய 30ல ஒரு பங்கா குறையும். அவ்ளோ வித்தியாசம். அதே மாதிரி இருக்கிற பைப்புலயே ரெண்டு மடங்கு தண்ணியை தள்ளணும்னா உரசல் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறும். இப்ப புரியுதா ஏன் 5000 லிட்டர் பம்ப் வேணாம்னு சொல்றேன்னு? அரை இன்ச்சுக்குள்ள பெரிய பம்பை கட்டினா தண்ணி கொஞ்சம் கூடும், கரண்ட் பில்லும் சூடும் சத்தமும் அதைவிட அதிகமா கூடும்.

எல்போ இன்னொரு எமன். ஒரு அரை இன்ச் 90 டிகிரி எல்போ ஏறக்குறைய ஒன்றரை அடி நேர் பைப்புக்கு சமம். அஞ்சு எல்போன்னா ஏழரை அடி, உங்க பைப் மொத்த நீளமே ஏழடிக்குள்ள தான் இருக்கும். அப்புறம் அந்த ஹோஸ். ஹோஸை மாட்டுறதுக்கு ரெண்டு முனையிலயும் நிப்பிள் போட்டிருப்பாங்க, ஒண்ணை கழட்டி உள்ள பாருங்க. பைப்புல சுண்டுவிரல் நுழையும், நிப்பிள்ல சுண்டுவிரல் நுனி கூட சிக்கிக்கும். மொத்த தண்ணியும் அந்த ஓட்டை வழியா தான் போயாகணும். ஹோஸ் எங்கயாவது மடங்கி தட்டையா இருந்தா அதையும் பாருங்க, ஸ்டாண்டுக்கு பின்னாடி சுவத்துல அழுந்தி மடங்கிக்கிட்டு இருக்கும், நமக்கு தெரியாது.

இப்ப செய்ய வேண்டியது. ஹார்ட்வேர் கடையில ஒரு இன்ச் பி.வி.சி. பைப் வாங்குங்க, 32 மி.மீ.ன்னு கேட்டாலும் குடுப்பாங்க. பம்ப் வாய் முக்கால் இன்ச்சா இருந்தாலும் பரவாயில்ல, வாய்ல இருந்து வெளிய வந்த உடனேயே பெருசாக்கிடுங்க, தொட்டிக்குள்ள விழற கடைசி முனை வரைக்கும் ஒரு இன்ச்சாவே போகட்டும். சின்னதாக்கணும்னா கடைசியில நாசில்ல மட்டும் ஆக்கிக்கலாம். அஞ்சு எல்போவை ரெண்டா குறைக்க முடியுமான்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, பெரும்பாலும் முடியும், பிளம்பர் சுவரை ஒட்டி அழகா போகணும்னு சுத்தி சுத்தி விட்டிருப்பாரு, தண்ணிக்கு அந்த அழகு தேவையில்ல. திரும்பியே ஆகணும்ங்கிற இடத்துல ரெண்டு 45 டிகிரி போட்டா ஒரு 90 போடறதைவிட நல்லது, இல்லன்னா நீளமா வளையற பெண்டு கிடைக்கும், அதை போடுங்க.

வெட்டுற இடத்துல ஒரு விஷயம். ஹாக்ஸா பிளேடால வெட்டினதும் பைப் வாய்க்குள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்திப் பாருங்க, பிசிறு பிசிறா கையில குத்தும், பல் பல்லா சுருண்டு நிக்கும். அப்படியே ஒட்டிட்டா அந்த பிசிறு ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தண்ணியை மறிக்கும், பின்னாடி பாசி இழையும் அதுல தான் வந்து தொத்தும். கத்தியால உள் ஓரத்தை ஒரு சுத்து சீவிட்டு உப்புத்தாள் போட்டு தேய்ங்க, ரெண்டு நிமிஷம் தான். சால்வெண்ட்டை (பி.வி.சி. ஒட்டுற பசை) பைப்புக்கு வெளிப்பக்கம் தாராளமா, ஃபிட்டிங்குக்கு உள்ள சன்னமா தடவுங்க. ஃபிட்டிங்குக்குள்ள அதிகமா தடவினா பைப்பை அழுத்தும்போது அது உள்ள வழிஞ்சு வளையம் மாதிரி காஞ்சு நின்னுக்கும். ஒரு நாள் காயவிட்டு, வெறும் தண்ணி ஓட்டி கொட்டிட்டு, அப்புறம் தொட்டியோட சேருங்க. மரை இருக்கிற இடத்துல டெஃப்லான் டேப் மட்டும் போதும், பெயின்ட் கியின்ட் எதுவும் வேணாம். பித்தளை வால்வு போட்டுடாதீங்க, அதுல செம்பு இருக்கு, இறாலும் நத்தையும் தாங்காது, பி.வி.சி. பால் வால்வே போடுங்க, முழுசா திறந்தா அது தண்ணியை மறிக்கிறதே இல்லன்னு சொல்லலாம். பம்ப் பக்கத்துல ஒரு யூனியனும் (திருகி கழட்டுற ஜாயின்ட்) போட்டுட்டா நாளைக்கு கழட்டி கழுவ சுலபம்.

இதெல்லாம் செஞ்சா பக்கெட் 20 செகண்ட் பக்கத்துல நிறையணும், அதாவது மணிக்கு 1800 லிட்டர், அதே பம்ப்ல. உங்க தொட்டி கணக்குக்கு 450 லிட்டர், கல்லு மணல் போக 400 லிட்டர் தண்ணி இருக்கும், மணிக்கு நாலு தடவைக்கு மேல சுத்துது, போதும். பத்து தடவை சுத்தணும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, ஏஞ்சலும் கோல்டுஃபிஷ்ஷும் அந்த வேகத்துல நீந்தியே ஓஞ்சு போகும்.

ஆனா ஒண்ணு, தயவுசெஞ்சு இதை மட்டும் மறக்காதீங்க. மேல போற தண்ணி ரெண்டு மடங்கு ஆனா கீழ இறங்குற பைப்பும் அதை தாங்கணும். இறங்குற பக்கம் புவியீர்ப்பு மட்டும் தான், பம்ப் கிடையாது, அதனால அது எப்பவும் ரிட்டர்னைவிட பெருசா இருக்கணும். முதல் தடவை ஓட்டும்போது பால் வால்வை பாதி திறந்து பதினஞ்சு நிமிஷம் தொட்டி மட்டத்தையே பாருங்க, ஏறலன்னா இன்னும் கொஞ்சம் திறங்க. ஓவர்ஃப்ளோ சல்லடையில (மேல தொட்டியில தண்ணி வழிஞ்சு இறங்குற வாய்ல இருக்கிறது) ஒரு செடி இலை ஒட்டினா என்ன ஆகும்னு கையால மறிச்சு பாருங்க. வழியற மாதிரி வந்தா ரெண்டாவதா ஒரு அவசர பைப் கட்டாயம் வேணும்.

கேள்வி: ராத்திரி கரண்ட் போச்சு, காலையில எழுந்தா ஹால் பூரா தண்ணி. ரிட்டர்ன் பைப் வழியா தொட்டி தண்ணி சம்ப்புக்கு இறங்கி வழிஞ்சிருக்கு. நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விட்டு, திரும்பி வந்தா மூடிக்கிற கதவு உள்ளது) போட்டா சரியாகுமா? - வாசகி, மதுரை

பதில்: அம்மா, நானும் அதை நம்பி அனுபவிச்சிருக்கேன். எங்க வீட்டுல அந்த வால்வுக்குள்ள ஒரு நத்தை, மிளகு அளவு கூட இருக்காது, கதவுக்கும் ஓரத்துக்கும் நடுவுல போய் மாட்டிக்கிச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு, கதவு மூடல, காலை வச்சா பாய் சொதசொதன்னு இருக்கு. அன்னைக்கு அதை கழட்டினது தான், திரும்ப போடல. அது தண்ணி வரத்தையும் குறைக்கும், ஒரு எல்போவைவிட பல மடங்கு மறிக்கும்.

கரண்ட் போனா பைப் வாய் தண்ணிக்குள்ள எவ்ளோ ஆழத்துல இருக்கோ அவ்ளோ வரைக்கும் தண்ணி உறிஞ்சி கீழ இறங்கும். 4 அடிக்கு 2 அடி தொட்டியில ஒரு இன்ச் இறங்கினா கிட்டத்தட்ட 19 லிட்டர். வாய் எட்டு இன்ச் ஆழத்துல இருந்தா 150 லிட்டர் ஆச்சு, எந்த சம்ப் தாங்கும்? அதனால வாயை தண்ணி மட்டத்துக்கு ஒரு இன்ச் கீழ மட்டும் வைங்க. கூடவே பைப்புல தண்ணி மட்டத்துக்கு அரை இன்ச் கீழ ஒரு சின்ன ஓட்டை போடுங்க, மட்டம் அங்க இறங்கினதும் காத்து உள்ள போய் உறிஞ்சல் அறுந்துடும். அந்த ஓட்டை பாசி பிடிச்சு அடையும், வாரம் ஒரு தடவை பல்குச்சியால குத்தி விடுங்க. அப்புறம் பகல்லயே, நீங்க பக்கத்துல இருக்கும்போதே, பிளக்கை உருவிட்டு சம்ப் எவ்ளோ ஏறுதுன்னு பாருங்க, ஏறி நின்ன மட்டத்துக்கு மேலயும் நாலு விரக்கடை இடம் மிச்சம் இருக்கணும். இல்லன்னா சம்ப்ல ஓடும்போது வைக்கிற தண்ணியை குறைச்சு, அந்த மட்டத்துக்கு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, வீட்டுல வேற யாரு தண்ணி ஊத்தினாலும் அந்த கோட்டை தாண்டக்கூடாது.

கேள்வி: ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் நல்லா வந்துச்சு, இப்ப பாதி தான் வருது. எதையும் மாத்தல. போர் தண்ணி தான். - வாசகர், ஆவடி

பதில்: எதையும் மாத்தலன்னா அடைப்பு தான், பைப்பை குறை சொல்ல முடியாது. பிளக்கை உருவிட்டு (சுவிட்ச் ஆஃப் பண்ணா மட்டும் போதாது, உருவிடுங்க) பம்ப் முன்மூடியை கழட்டுங்க. உள்ள காந்தத்தோட ஒரு சின்ன விசிறி இருக்கும், அதை இழுத்தா வரும். போர் தண்ணின்னா அது மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா படிஞ்சு சொரசொரன்னு இருக்கும். பாதி வினிகர் பாதி தண்ணியில ஒரு மணி நேரம் ஊறப்போடுங்க, வினிகர் இல்லன்னா எலுமிச்சை உப்பு கரைச்சாலும் சரி, அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. நடுவுல இருக்கிற செராமிக் கம்பி வெடுக்குனு ஒடியும், ஜாக்கிரதை. அதோட ரெண்டு முனையிலயும் இருக்கிற குட்டி ரப்பரை சிங்க்குல விட்டுடாதீங்க, தனியா கிடைக்கிறது கஷ்டம். நல்லா அலசிட்டு மாட்டுங்க. பம்ப் வாய் முன்னாடி ஸ்பாஞ்ச் வச்சிருந்தா அதையும் பிழிஞ்சு பாருங்க, நிறைய வீட்டுல குற்றவாளி அது தான், உறிஞ்சுற பக்கம் மறிச்சா பம்ப் திணறிடும். வெயில் காலத்துல ஆவியாகி சம்ப்ல பம்ப் இருக்கிற அறையோட மட்டம் தான் இறங்கும், அது ரொம்ப இறங்கினா பம்ப் காத்தை இழுத்து பொடிப்பொடியா குமிழி தள்ளும், அதையும் ஒரு பார்வை பாருங்க.

கேள்வி: தொட்டிக்கு ரெண்டு மூலையிலயும் தண்ணி விழணும், ஒரே பம்ப்ல முடியுமா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியும். ஒரு இன்ச் பைப்பா மேல வரைக்கும் கொண்டு வந்து, அங்க டீ (T வடிவ ஃபிட்டிங்) போட்டு, ரெண்டு பக்கமும் முக்கால் இன்ச்சா பிரிங்க. கீழ சம்ப் பக்கத்துலயே பிரிச்சா ரெண்டு சன்னமான பைப் உயரம் பூரா ஏறணும், உரசல் அதிகம். டீயை தொட்டிக்கு நட்ட நடுவுல வைங்க, ரெண்டு கையும் ஒரே நீளமா இருந்தா தான் தண்ணி சமமா பிரியும், ஒரு கை நீளமா போச்சுன்னா கிட்ட இருக்கிற மூலைக்கே அதிகமா போகும். அப்படி தான் வைக்க முடியும்னா கிட்ட இருக்கிற கையில மட்டும் ஒரு பால் வால்வு போட்டு கொஞ்சம் மூடி சரி பண்ணிக்கோங்க. ரெண்டு வாய்லயும் காத்து ஓட்டை தனித்தனியா போடணும்.