பதில்: பிளாக்செயினில் வண்டிச் செய்திகள் தாமதமாகின்றன

வணக்கம். சூமோ (SUMO) என்ற போக்குவரத்துப் பாவனை மென்பொருளில் 50 வண்டிகளை ஓடவிட்டு, அவை அனுப்பும் ஒவ்வொரு பாதுகாப்புச் செய்தியையும் எத்தீரியம் என்ற பொது பிளாக்செயினின் சோதனை வலையில் எழுதுகிறீர்கள். பிரேக் எச்சரிக்கை பின்னால் வரும் வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் மோதலே முடிந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. சங்கிலியை, அதாவது பல கணினிகள் பகிர்ந்து வைக்கும் பதிவேடான பிளாக்செயினை, வைத்த இடம்தான் சரியில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி நொடிக்கு 10 முறை தன் இடத்தையும் வேகத்தையும் சொல்கிறது. எத்தீரியத்தில் அடுத்த பிளாக் (பதிவுத் தொகுதி) வர 12 நொடி. 60 கி.மீ. வேகத்தில் போகிற கார் அதற்குள் 200 மீட்டர் தாண்டிவிடும்.

செய்திகளை ரேடியோவிலேயே விடுங்கள். வண்டிச் செய்திகளின் பாதுகாப்புக்கான ஐஇஇஇ 1609.2 தரமுறைப்படி அனுப்பும் வண்டி மின்கையெழுத்திடும், வாங்கும் வண்டி அங்கேயே சரிபார்த்துக்கொள்ளும். அந்தக் கையெழுத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களில் எது செல்லும், எதை யார் எப்போது ரத்து செய்தார்கள் என்ற பதிவேட்டை மட்டும் சங்கிலியில் வையுங்கள். சாலையோரக் கருவிகளை நோடுகளாக்கி (பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் கணினிகளாக்கி), அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் பிளாக்செயினான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் செய்தால், ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் கட்டும் தொல்லையும் இல்லை. ரத்துப் பட்டியலை அந்தக் கருவிகளே வண்டிகளுக்கு அனுப்பட்டும்.

அப்புறம், வண்டி எண்ணை அப்படியே எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எடுத்துவிடுங்கள். அழிக்கவே முடியாத இடத்தில் ஒருவர் தினமும் போய்வரும் பாதை கிடப்பது ஆபத்து. வண்டியின் உண்மை அடையாளத்தைக் காட்டாமல் அடிக்கடி மாறும் புனைபெயர்ச் சான்றிதழ்கள் இதற்காகத்தான் இருக்கின்றன.

இன்னொன்று: ஓடுகிற வண்டி ‘நான் நிற்கிறேன்’ என்று பொய் சொன்னால், கையெழுத்து சரியாகவே இருக்கும். சங்கிலி அந்தப் பொய்யையும் பத்திரமாகக் காக்கும். பக்கத்து வண்டிகளின் அளவீட்டோடு ஒப்பிட்டுப் பிடிக்கும் பகுதியைத் தனியாக எழுதுங்கள்.