வேலைக்குப் போனால் கல்லூரி உதவித்தொகை குறைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 19. அமெரிக்காவில் பெற்றோருடன் கிரீன் கார்டில் இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தேன். பெல் கிராண்ட் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவித்தொகை) கொஞ்சம் வருகிறது, ஒர்க்-ஸ்டடி வேலையும் (உதவித் திட்டத்தின் கீழ் மாணவர்களுக்குத் தரும் பகுதிநேர வேலை) உண்டு. வெளியே ஒரு கடையில் பகுதிநேர வேலையும் கிடைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 2026-இல் சுமார் 15,000 டாலர் வரும். "உதவியெல்லாம் போய்விடும், கடையில் சம்பளத்தை ரொக்கமாகக் கேட்டு வாங்கு, கணக்கில் காட்டாதே" என்கிறார் மாமா. என்ன செய்வது?

பதில்: வேலைக்குப் போங்கள். ஆனால் ரொக்கமாக வாங்கி மறைக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

மத்திய அரசின் கல்வி உதவிக்காக நீங்கள் நிரப்பும் ஃபாஃப்சா விண்ணப்பப் படிவத்திலிருந்து மாணவர் உதவிக் குறியீடு என்று ஓர் எண் வருகிறது. அது உயர உயர, தேவை அடிப்படையிலான உதவி குறையும். பெற்றோரைச் சார்ந்த மாணவர் சம்பாதிப்பதில் முதல் பகுதியை இந்தக் கணக்கு தொடுவதே இல்லை. 2025-26 கல்வியாண்டுக்கு அந்த விலக்கு 11,510 டாலர். விலைவாசியை ஒட்டி அது மாற்றப்படும். நீங்கள் கட்டிய மத்திய வருமான வரியும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) ஆகியவற்றுக்கான சம்பளப் பிடித்தமும் கழிக்கப்படும். மிச்சத்தில் பாதிதான் குறியீட்டில் ஏறும்.

முழு 15,000 டாலரும் வெளிவேலைச் சம்பளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலக்கும் வரிகளும் போக நிற்பது ஏறக்குறைய 2,340 டாலர். அதில் பாதி, அதாவது 1,170 டாலர் அளவுக்குத்தான் குறியீடு உயரும். உங்கள் நிலைமை இதைவிட நல்லது. ஒர்க்-ஸ்டடி சம்பளத்தை வருமானமாக எண்ணக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த வேலையின் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள விவரம்) படிவத்தைத் தனியாக எடுத்துவைத்து, அந்தத் தொகை கழிக்கப்பட்டதா என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இதை நிறையப் பேர் கேட்பதில்லை, நஷ்டப்படுகிறார்கள்.

எந்த ஆண்டு வருமானம் என்பதிலும் குழப்பம் உண்டு. ஃபாஃப்சா இரண்டு வருடம் பின்னால் பார்க்கும். 2026-இல் நீங்கள் சம்பாதிப்பது 2028-29-க்கான விண்ணப்பத்தில்தான் வரும், அது உங்கள் நான்காம் ஆண்டு. 2027 ஜனவரி 1-க்குப் பிறகு வரும் சம்பளம், நான்கு ஆண்டில் பட்டம் முடித்தால், இளநிலைப் படிப்புக்கான மத்திய உதவியைத் தொடாது. இடையில் வேலை போய் வருமானம் விழுந்தாலும், பழைய கணக்கோடு சும்மா இருக்காதீர்கள். ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம், தனித்தனி நிலைமையைப் பார்த்துத் திருத்தும் அதிகாரம் நிதியுதவி அதிகாரிக்கு உண்டு.

சரி, மாமா சொன்ன விஷயம். அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், ஆனால் அது உங்களைக் கவிழ்த்துவிடும். வரி விவரம் இப்போது வருமான வரித்துறையிலிருந்து நேரே ஃபாஃப்சாவுக்குப் போகிறது. ரொக்கச் சம்பளத்தை மறைத்தால் வரிக் கணக்கும் பொய், உதவி விண்ணப்பமும் பொய். வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்து மத்திய உதவி பெற்றால் 20,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிரீன் கார்டில் இருப்பவருக்கு இது இன்னும் ஆபத்து. நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள், வரி ஒழுங்காகக் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள். 1,170 டாலர் கணக்குக்காக அந்த வாசலை அடைத்துக்கொள்ளாதீர்கள்.

சம்பாதித்ததைச் சேர்த்துவைப்பதிலும் கவனம் வேண்டும். சொத்து விவரம் கணக்கில் வரும் குடும்பம் என்றால், ஃபாஃப்சா நிரப்பும் நாளில் உங்கள் பெயரில் உள்ள சேமிப்பில் 20 சதவீதம் குறியீட்டில் ஏறும். அதனால் கல்விக் கட்டணம், புத்தகம், வாடகைக்கு முதலில் உங்கள் பணத்தைச் செலவழியுங்கள். ராத் ஐஆர்ஏ போன்ற ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும் பணம் சொத்தாக எண்ணப்படாது.

உங்கள் விஷயத்தில் சம்பளத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேலை நேரம். ஷிஃப்டுக்காகப் பாடங்களைக் குறைத்தால் பெல் கிராண்டும் அதே விகிதத்தில் குறையும். பாதிநேரத்துக்கும் கீழே போனால் மத்தியக் கடன் கிடைக்காது, ஏற்கெனவே வாங்கிய கடனுக்குத் தவணை தொடங்கும் காலமும் ஓட ஆரம்பிக்கும். மதிப்பெண் சராசரியும் முடித்த கிரெடிட்களும் கல்லூரி வைத்திருக்கும் அளவுக்குக் கீழே இறங்கினால் உதவி முழுவதுமே நிற்கலாம். கடைக்காரர் கூடுதல் ஷிஃப்ட் கேட்டால், பாடத்தைக் கைவிடும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், எவ்வளவு குறையும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.