வாயசைப்பு வேண்டாம், பிள்ளைகளே பேசட்டும்

கேள்வி: கடலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். ஆறு வாரத்தில் ஆண்டு விழா. வசனத்தைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டால் நாடகம் பிசிறில்லாமல் இருக்கும், பிள்ளைகள் வாயசைத்தால் போதும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 40 பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்?

பதில்: பதிவை விட்டுவிடுங்கள். வாயசைக்கிறவர்களின் கவனமெல்லாம் ஸ்பீக்கரில்தான் இருக்கும், எதிரில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. நடிப்பில் முதலில் பழக வேண்டியதே காது கொடுத்துக் கேட்பதுதான்.

முதல் இரண்டு வாரம் எழுதிய வசனமே வேண்டாம். எட்டுப் பேர் வீதம் ஐந்து குழு பிரித்து, சூழலை மட்டும் சொல்லுங்கள்: துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று, அப்பா கடலுக்குப் போயே தீருவேன் என்கிறார், ஆயா தடுக்கிறார். கூண்டு 1ஆம் எண்ணாக இருக்கட்டும். புயல் சின்னம் எங்கோ தொலைவில் என்பதால் அப்பா வாதாட இடமுண்டு. 10 என்றால் பெரிய ஆபத்து, பேச்சே எழாது. அப்பாவாக நடித்தவர் அடுத்த பீரியடில் ஆயா. நன்றாக வந்த பேச்சை ஒருவர் நோட்டில் குறித்துவந்தால், மூன்றாம் வாரம் அதுவே வசனம். தயவுசெய்து அதைச் செந்தமிழாகத் திருத்தாதீர்கள்.

அதிகம் சறுக்குவது குரலில். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மூச்சு தீரும்போது அதுதான் அமுங்கிப்போகும். "இன்னைக்கு நான் கடலுக்குப் போவ மாட்டேன்" என்பதில் 'மாட்டேன்' கேட்காவிட்டால் அர்த்தமே தலைகீழ். "சத்தமாப் பேசு" என்று அதட்டினால் முதல் சொல்லைக் கத்துவார்கள், முடிவு இன்னும் தேயும். அதற்குப் பதில் 30 அடி தள்ளி ஒருவரை முதுகு காட்டி உட்கார வைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்று பேசுகிறவருக்கே பிடிபட்டுவிடும். தினம் 10 நிமிடம் போதும்.

மேடையில் மைக் இருந்தால் எல்லோரும் அதன் முன் குவிவார்கள். தெருக்கூத்து போல மூன்று பக்கமும் ஜனம் உட்கார, தரையிலேயே நடத்துங்கள். வாடகை உடை எதற்கு? ஒரு துண்டு, ஒரு கூடை, கொஞ்சம் பழைய வலை.

வசனம் மறந்தால் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் குறுக்கே புகுந்து கேட்பதுபோல, "இன்னாத்துக்கு வாயடைச்சு நிக்கிற?" என்று எதிரில் இருப்பவர் கேட்டால் போதும், பேச்சு தானாகத் தொடரும்.

தலைமையாசிரியர் தயங்கினால் நான்காம் வாரம் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். எந்த இரண்டு பேர் நடிக்க வேண்டும் என்பதை அவரே கை காட்டட்டும்.