1521-ஆம் ஆண்டின் விட்ருவியஸ் படப் பதிப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பழைய கட்டடக்கலை நூலின் ஒரு மறுபதிப்புக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்பவர்களுக்கான பதில் இது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு நூலை இலத்தீனில் எழுதினார். அதை இத்தாலிய மொழியில், படங்களுடனும் விரிவான உரையுடனும் 1521-இல் கோமோ நகரில் அச்சிட்டதே இத்தாலியக் கட்டடக் கலைஞர் செசாரே செசாரியானோவின் பதிப்பு. அச்சில் வந்த முதல் இத்தாலிய மொழிபெயர்ப்பும் அதுதான்.

விட்ருவியஸ் தம் நூலில் சுட்டும் வரைபடங்கள் காலப்போக்கில் தொலைந்துபோய், கிரேக்கக் கலைச்சொற்கள் மலிந்த கடினமான உரைநடை மட்டுமே எஞ்சியது. சிக்குக் கோலம் ஒன்றைத் தொலைபேசியில் வாயாலேயே சொல்லிக்கொடுத்தால் கேட்பவருக்கு எவ்வளவு விளங்குமோ, அவ்வளவுதான் அது பலருக்கும் விளங்கியது. 1511-இல் வெனிசில் துறவியும் கட்டடக் கலைஞருமான ஃப்ரா ஜியோகொண்டோ, மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட 136 படங்களுடன் இலத்தீன் பதிப்பை வெளியிட்டு அந்தக் குறையை முதலில் போக்கினார்.

செசாரியானோ செய்தது இன்னும் துணிச்சலானது. ரோமானிய விதிகளை விளக்க, தமக்குப் பழக்கமான மிலான் பேராலயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து, அதன்மேல் முக்கோணங்களையும் வட்டங்களையும் பொருத்திக் காட்டினார். அது ரோமானியக் கட்டடமல்ல, இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணிக் கட்டடம் என்பதால் உதாரணம் பொருந்தவில்லை என்பேன். ஆனாலும் படம் அழகு.

லியொனார்டோ டா வின்சி வரைந்த, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் உள்ளே கைகால் விரித்து நிற்கும் புகழ்பெற்ற விட்ருவிய மனிதன் இந்நூலில் உள்ள படம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சுமார் 1490-இல் தனித்தாளில் வரையப்பட்டது, இதில் உள்ளவை வேறு படங்கள்.