பழைய ரெக்கார்ட் பிளேயர்: 'ஊசி மட்டும் மாற்றினால் போதும்' என்றால் நம்பலாமா?

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த எல்பி தட்டுகள் வீட்டில் நிறைய இருக்கின்றன. 78 தட்டுகளும் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய வகை) கொஞ்சம் உண்டு. குறைந்த செலவில் செகண்ட் ஹேண்ட் பிளேயர் தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று, ஸ்பீக்கரோடு வரும் சூட்கேஸ் மாடல். பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. இன்னொன்று ஸ்பீக்கர் இல்லாத பழைய பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுற்றும் வகை). "ஊசி மட்டும் மாற்றினால் போதும், நன்றாக ஓடும்" என்கிறார் விற்பவர். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை வாங்கலாம்?

பதில்: பெல்ட் டிரைவைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால், ஊசியே இல்லாமல் எதைப் போட்டுக் கேட்டு "நன்றாக ஓடும்" என்கிறார்? தட்டு சுற்றுகிறது என்பதற்கு மேல் அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சூட்கேஸ் மாடல் ஏன் வேண்டாம் என்றால், மலிவானவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின் சிக்னலாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ்). சாதாரண காந்த கார்ட்ரிட்ஜ் தட்டின் மேல் 1.5 முதல் 2.5 கிராம் வரை அழுத்தும் என்றால், இது 5 கிராமை ஒட்டி அழுத்தும்; குறைக்கவும் வழி இருக்காது. ஒருமுறை போட்டால் தட்டு பாழாகிவிடாது. திரும்பத் திரும்பக் கேட்கும் தட்டுகளுக்குத்தான் ஆபத்து. போதாக்குறைக்கு, ஸ்பீக்கரின் அதிர்வு அதே பெட்டிக்குள் இருக்கும் ஊசிக்கும் போய்ச் சேரும்.

பழைய பிளேயரில் பெல்ட் தொய்ந்திருந்தால் கவலைப்படாதீர்கள். அது வெறும் ரப்பர்தான், மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை இரண்டு: ஊசியைத் தாங்கும் கையின் மூட்டும், தட்டுமேடை சுற்றும் நடுத்தண்டின் பேரிங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையின் தலைப்பகுதியை இரு விரலால் மெதுவாகப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று லேசாக ஆடினாலும் வேண்டாம், வந்துவிடுங்கள். அடுத்து, பின்னால் உள்ள எடையைத் திருகிக் கையை அந்தரத்தில் மிதக்கவிட்டு லேசாக ஊதுங்கள். எங்கும் தயங்காமல் நகர வேண்டும். பிறகு தட்டுமேடையைக் கையால் சுற்றி, கண்ணை அதன் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேலும் கீழும் அலையக் கூடாது, கரகரவென்று சத்தமும் வரக் கூடாது.

வேகத்தைப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. தட்டுமேடையின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி எல்பிக்கான 33⅓ வேகத்தில் ஓடவிட்டு எண்ணுங்கள்: 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 83 சுற்றுதான் வருகிறதா? அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பிளேயராக இருக்கும். நம் ஊரின் 50 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடுகிறது. சில மாடல்களில் மோட்டார் புல்லியை (பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரம்) மாற்றிச் சரிசெய்யலாம். அந்தப் புல்லி கிடைக்குமா என்று தெரியாமல் இறங்காதீர்கள்.

கை தானாகத் திரும்பி வரும் வசதி இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே போட்ட கிரீஸ் இறுகிப்போய் முதலில் மக்கர் பண்ணுவது அதுதான். கையால் தூக்கி வைக்கிற சாதாரண மாடலே எனக்குப் பிடித்தது.

இனி ஊசி. கார்ட்ரிட்ஜின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கான ஊசி இப்போதும் விற்பனையில் இருக்கிறதா, என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். அந்தத் தொகையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். கிடைக்காவிட்டாலும், கார்ட்ரிட்ஜ் 12.7 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்குரூவால் பொருத்தியதாக இருந்தால் தப்பித்தீர்கள். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதில் உட்காரும்.

காந்த கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்று போட்ட இன்புட் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சிக்னலைப் பெரிதாக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற கருவியைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் செருகினால் பேஸ் இல்லாமல் ஈனஸ்வரத்தில்தான் கேட்கும். பின்னால் தொங்கும் மெல்லிய எர்த் ஒயரை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும்.

78 தட்டுகளை எல்பி ஊசியில் போடாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது, தடித்த ஊசி வேண்டும். பல பெல்ட் டிரைவ்களில் 78 வேகமே கிடையாது என்பதால் அந்த பட்டன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் எல்பிகளுக்காக இதையே வாங்கலாம்.

எடுத்து வரும்போது தட்டுமேடையைக் கழற்றித் தனியாகச் சுற்றி, கையை அதன் தாங்கியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பின் எடையையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.